அயலான் யார்?

ஞாயிற்றுக்கிழமைக் காலை. உழவர்கரையில் பூசை முடிந்து, மக்கள் கோவிலை விட்டுக் கூட்டங்கூட்டமாக வெளியே வந்துகொண்டிருந்தனர். அந்தக் கூட்டத்தினின்றும் விலகி நம்மை நோக்கி வந்தார் நண்பர் ஒருவர். கிறித்தவர், நல்லவர். தெருவிலே ஒருவருக்கு நோய் என்றால், நள்ளிரவானாலும் வண்டி பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் இயல்புடையவர். நமது கொள்கையை அறிந்தவர்; ஆகவே நம்மைச் சீண்டாமல் விடமாட்டார்.

“இன்று சாமியார் பிரசங்கம் அருமை! அயலானை நேசிப்பது பற்றிப் பேசினார். தோழரே, கடவுளே இல்லை என்கிறீர்களே, அன்பு செய் என்று உங்களுக்குக் கட்டளையிடுவார் யார்?” என்று கேட்டார்.

சிரித்து மழுப்பிவிட்டுப் போகத்தக்க கேள்வி அல்ல அது. “பதில் சொல்கிறோம். அதற்குமுன் ஒன்று சொல்லுங்கள். அந்த அயலான் யார்?” என்று கேட்டோம்.

“பக்கத்து வீட்டுக்காரர்தான், வேறு யார்?” என்றார் நண்பர்.

எளிய பதில். ஆனால், அந்தப் பதிலிலேதான் சிக்கல் அத்தனையும் அடங்கிக் கிடக்கிறது. அதைச் சற்று விரித்துப் பார்ப்போம்.

தன்னிடம் கொண்ட அன்புக்குக் குறையாத அன்பை அயலானிடமும் காட்டவேண்டும் என்பது கிறித்தவ மார்க்கத்தின் தலையாய கட்டளைகளில் ஒன்று. முதலில் எழும் ஐயம், அன்பைக் கட்டளையிட முடியுமா என்பது. உண் என்று கட்டளையிடலாம். பசி கொள் என்று கட்டளையிட முடியுமா? மனோதத்துவ அறிஞர் பிராய்டு 1930இல் வெளியிட்ட நூலொன்றில் இந்தக் கட்டளையையே எடுத்து வைத்துக்கொண்டு, முன்பின் அறியாத ஒருவனை நான் ஏன் நேசிக்கவேண்டும், என் அன்பு விலை மதிப்புள்ளதாயிற்றே, தகுதியற்றவனுக்கு அதை வாரி இறைத்தால் என்னை நம்பியிருப்போருக்கு அநீதி இழைத்தவன் ஆகமாட்டேனா என்று வாதாடினார்.

அவருக்கு நெடுங்காலம் முன்பே, 1785இல், செருமானியத் தத்துவ அறிஞர் காண்ட் இதற்கொரு விடை கண்டிருந்தார். நெஞ்சு நெகிழும் உணர்ச்சியைக் கட்டளையிட முடியாது என்பது மெய்தான். ஆனால் கட்டளை உணர்ச்சியைப் பற்றியதல்ல, செயலைப் பற்றியது. பிடிக்காதவனுக்கும் நன்மை செய்வது கடமை. அந்தக் கடமையைச் செய்வதே கட்டளையிடப்படும் அன்பு என்றார் அவர்.

நமது வள்ளுவரோ அன்புடைமை எனும் அதிகாரத்தைத் துறவறவியலில் வைக்கவில்லை, இல்லறவியலில் வைத்தார். அடுப்பும், அங்கணமும், திண்ணையும், தெருவும் உள்ள வாழ்விலேதான் அன்புக்கு வேலை என்பதை அந்த வைப்புமுறையே காட்டுகிறது. எனவே, ஒருவன் அன்புடையவனா என்று அறிய அவன் கண்ணீரை அளக்கவேண்டியதில்லை. அவன் வீட்டு வாசற்படியைப் பார்த்தால் போதும். யார் அதைத் தாண்டி உள்ளே வரமுடிகிறது, யார் வெளியே நிற்கிறார் என்று பார்த்தால் போதும்!

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். அயலான்! தமிழிலே இது இரு முகம் கொண்ட சொல். அயல் வீடு என்றால் அடுத்த வீடு. அயல் நாடு என்றால் கடல் கடந்த நாடு. அருகில் இருப்பவனும் அயலான், அந்நியனாக இருப்பவனும் அயலான். அருகில் இருக்கிறான், ஆயினும் நம்மவன் அல்லன் என்று தள்ளி வைக்கப்பட்டிருக்கிறான். ஊர் என்றும் சேரி என்றும் பிரித்துக் கட்டிய நாட்டிலே, இந்தச் சொல்லின் இரு பொருளும் ஒரே மனிதன் தலையில் வந்து விழுந்தன. நூறு அடி தொலைவில் வாழ்பவன், நூறு காதம் தொலைவில் உள்ளவனைவிட அந்நியனாக்கப்பட்டான்.

ஏசுநாதரிடம் இதே கேள்வி கேட்கப்பட்டதாகக் கிறித்தவ வேதம் கூறுகிறது. சட்டம் படித்த ஒருவன், எனக்கு அயலான் யார் என்று கேட்டான். அவர் இலக்கணம் சொல்லவில்லை, கதை சொன்னார். கள்வரால் அடிபட்டு ஒருவன் வழியிலே குற்றுயிராய்க் கிடக்கிறான். ஆலயப் பணியாளர் இருவர் ஒருவர்பின் ஒருவராகப் பார்த்தும் பாராததுபோல் ஒதுங்கிப் போகின்றனர். யூதர்கள் புழங்காத, தீண்டத்தகாதவன் போலக் கருதிய சமாரியன் ஒருவன் வருகிறான்; காயம் கட்டுகிறான்; தன் கழுதையில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்க்கிறான். இப்போது சொல், இவர்களில் அயலானாக நடந்துகொண்டவன் யார் என்று அவர் திருப்பிக் கேட்டார். நான் யாரை நேசிக்கவேண்டும் என்று பட்டியல் கேட்டவனிடம், பட்டியலைக் கிழித்துப் போடு, நீ யாருக்கு அயலானாக இருக்கிறாய் என்று சொல் என்றார். நாம் பக்தர்கள் அல்லர். ஆயினும், இந்தக் கதையில் இருக்கும் அறத்தைக் காண்பதற்குப் பக்தி தேவையில்லை.

இந்தக் கதை நமது மண்ணுக்கு வந்தபோது என்ன ஆயிற்று? அதுதான் நாம் ஆராயவேண்டியது. அதற்கு நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. உழவரின் பெயரைத் தாங்கிய உழவர்கரை, பிரெஞ்சு ஆட்சியில் 1880இல் தனிக் கொம்யூன் ஆக்கப்பட்ட ஊர். இங்கிருந்து கிழக்கே, கடலை நோக்கிச் சென்றால் புதுவையின் மிஷன் வீதி. அங்கே ‘சம்பா கோவில்’. சென் போல் எனும் பெயர் மக்கள் நாவில் சம்பா ஆயிற்று. இன்று நிற்கும் கட்டடம் 1791இல் முடிந்தது. அதற்கு முன் அங்கிருந்த கோவிலின் கதையைத்தான் சொல்லப்போகிறோம்.

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் நொபிலி, காவி உடுத்து, புலால் மறுத்து, உயர்சாதியாரை ஈர்க்க முயன்றார். பரங்கி மார்க்கம் என்ற இழிபெயரைப் போக்கச் செய்த முயற்சி அது. தமிழைக் கற்றார், தமிழில் உரைநடை எழுதினார், அதற்கு நன்றி சொல்வோம். ஆனால், சாதி வெறும் சமுதாய வழக்கமே, அதை விட்டுவிடவேண்டியதில்லை என்ற நிலையையும் அவர் ஏற்றார். விளைவு, உயர்சாதிக்கு ஒரு சாமியார், தாழ்ந்தோர் என்று தள்ளப்பட்டோருக்கு ஒரு பண்டாரசாமி! கடவுள் ஒருவர், அவரைக் காட்டுவதற்கு மட்டும் ஆள் இரண்டு!

ஒரு நூற்றாண்டு கழிந்தது. போப்பாண்டவரின் தூதராகத் தூர்னோன் என்பவர் 1703 நவம்பரில் புதுவை வந்து இறங்கினார். இங்கே தங்கி விசாரித்து, 1704 சூனில் ஓர் ஆணை பிறப்பித்தார். ‘மலபார்ச் சடங்குகள்’ பற்றிய வழக்கு என்று வரலாற்றில் பேசப்படுவது இதுதான். பல சடங்குகளைப் பற்றிய அந்த ஆணையிலே ஒரு பகுதி நம்மை உலுக்குகிறது. சேரியில் சாகக் கிடக்கும் கிறித்தவனின் குடிசைக்குள் பாதிரிமார் நுழைந்து, அவஸ்தைப் பூசுதல் முதலிய கடைசிச் சடங்குகளைச் செய்யவேண்டும். நுழைய மறுக்கலாகாது என்றார் தூதர்.

எண்ணிப் பாருங்கள்! இப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது என்றால், அதற்குமுன் நடந்தது என்ன? குடிசைக்குள்ளே மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் மனிதன். வாசலுக்கு வெளியே குரு. உள்ளே நுழைந்தால் உயர்சாதியார் மதிக்கமாட்டார் என்ற தயக்கம். காயம்பட்டவனைக் கண்டு ஒதுங்கிப் போன ஆலயப் பணியாளர்களைப் பற்றிப் பிரசங்கம் செய்தவர்களே, அந்தப் பணியாளர்களின் பாதையில் நடந்தார்கள்!

வழக்கு நாற்பது ஆண்டுகள் இழுபட்டது. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் முடிவான ஆணை பிறப்பித்துத் தூர்னோனின் தடைகளை உறுதி செய்தார். ஆயினும், சேரி மக்களுக்கென்று தனிக் குருமாரை ஒதுக்கிவைக்கலாம் என்ற ஏற்பாடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. கொள்கை வென்றது, சாதி தோற்கவில்லை!

அடுத்த ஆண்டு, 1745 அக்டோபர். துபாசி ஆனந்தரங்கப் பிள்ளை தமது நாட்குறிப்பில் புதுவைக் கோவிலில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பதிந்து வைத்தார். கோவிலுக்குள்ளே, வடபுறத்தில் ஒரு சுவர். சாதிக் கிறித்தவர் ஒருபுறம், சேரிக் கிறித்தவர் மறுபுறம். சேரி மக்கள் ஒன்றுகூடிப் பெரிய சாமியாரிடம் சென்றனர். நாங்களும் உங்கள் சீடர்கள்தாமே, கடவுளுக்கு முன் எங்களுக்கு மட்டும் ஏன் இந்த வேறுபாடு என்ற கருத்தில் முறையிட்டனர். அவர் மறுக்க முடியாமல் சுவரை இடிக்கச் செய்தார். எல்லோரும் கலந்து நின்றனர். உடனே மேல்சாதிக் கிறித்தவர் கொதித்தெழுந்தனர், கூடிப் பேசினர், எதிர்த்தனர். முடிவு? இடித்த சுவருக்குப் பதிலாக நாற்காலிகளை வரிசையாகப் போட்டு இருசாராரையும் பிரித்தனர். சுவர் போயிற்று, நாற்காலி வந்தது!

இந்த நிகழ்ச்சியிலே ஒரு பேருண்மை பொதிந்திருக்கிறது. அந்தக் கோவிலில் அயலான் பற்றிய பிரசங்கத்தை எத்தனையோ பேர், எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டிருப்பார்கள். அதன் பொருளை விளங்கிக்கொண்டவர் யார்? சுவருக்கு அப்பால் நின்றவர்கள்! முன்வரிசையில் நின்றவர்களுக்கு அது இனிய உரை. பின்னால் தள்ளப்பட்டவர்களுக்கோ அது ஒரு வழக்கின் ஆதாரம்.

நாம் சொல்லவருவது இதுதான். கொடுப்பவன் பக்கத்திலிருந்து பார்த்தால் அதன் பெயர் அன்பு. பெறவேண்டியவன் பக்கத்திலிருந்து பார்த்தால் அதன் பெயர் உரிமை. இரண்டும் ஒரே பொருளின் இருபக்கம். உரிமையைக் கேட்டவுடன் முகம் சுளிக்கும் அன்பு, அன்பு அன்று. அது தருமம், அல்லது பச்சாதாபம். நாகரிகமாகச் சொன்னால் தொண்டு. தருமத்துக்குச் சுவர் இடையூறு அல்ல. சுவருக்கு மேலேயே சோற்றுப் பொட்டலத்தை எறிந்துவிடலாம். அன்புக்குத்தான் சுவர் இடையூறு. ஏனெனில், தருமம் கையால் செய்வது; அன்பு அருகில் உட்கார்ந்து செய்வது.

தருமம் செய்பவனுக்குப் பொருள் குறையும். ஆனால் உயரம் குறையாது. இன்னும் சொல்லப்போனால் ஓர் அங்குலம் கூடும்! அயலானை நேசிப்பவனுக்கோ உயரம் குறைகிறது. அவன் அமர்ந்திருந்த மேடையிலிருந்து இறங்கவேண்டியிருக்கிறது. அதனால்தான் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தயங்காதவர், அடுத்த நாற்காலியைக் கொடுக்கத் தயங்குகிறார்.

இது பழங்கதை என்று ஒதுக்க முடியுமா? முடியாது. புதுவை–கடலூர் உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது, உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள எறையூர். ஒரே வேதம், ஒரே மாதா, ஒரே செபமாலை. ஆயினும், தாழ்த்தப்பட்ட கிறித்தவரின் சவம் பொதுத்தெரு வழியே கோவிலுக்கு வருவதற்குத் தடை. சலித்துப்போன அம்மக்கள் தங்கள் பகுதிக் கோவிலைத் தனிப் பங்காக்கித் தருமாறு கேட்டனர். 2008 மார்ச்சு 9ஆம் நாள் கலவரம் மூண்டது. தாழ்த்தப்பட்டோரின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர். மாண்ட இருவரும் ஆதிக்க சாதியைச் சேர்ந்தவர்கள், அவர்களும் கிறித்தவர்களே. சுவர், அதற்கு அப்பால் இருப்பவனை மட்டும் கொல்வதில்லை. அதைக் காக்கப் புறப்பட்டவனையும் கொல்கிறது.

பழி சொல்வது மட்டும் நமது நோக்கமன்று, நியாயத்தையும் சொல்லவேண்டும். சாதிப் பிரிவினை திருச்சபைக்குள் இருத்தலாகாது என்று 1833இலேயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சீர்திருத்த சபையாருக்கு எழுதினார். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், இருசாராரும் ஒருவரையொருவர் காணாவண்ணம், ஒரே பீடத்தில் வந்து சேரும் இரு கூடங்களாகக் கோவில் கட்டியிருந்தனர். கால்சட்டை வடிவக் கோவில் என்று மக்கள் நகைத்தனர். 1910இல் அங்குப் பாதிரியாரின் முயற்சியால் தடுப்பு இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் நீதிமன்றம் ஏறினர். சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் கோரிய தனியுரிமையை ஏற்க மறுத்தது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள்ளும் தீண்டாமை இருக்கிறது, அது பெரும் சமூகப் பாவம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. குற்றத்தை ஒப்புக்கொள்வது திருத்தத்தின் முதற்படி. அந்தத் துணிவைப் பாராட்டுகிறோம். முதற்படியிலேயே நின்றுவிடலாகாது என்றும் கூறுகிறோம்.

இவ்வளவையும் நண்பரிடம் கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்:

“என் அம்மா புண்ணியவதி. சேரியிலிருந்து யார் வந்து பசி என்றாலும் சோறு போடாமல் அனுப்பியதில்லை. ஆனால், கொல்லைப்புறத்தில் ஒரு குவளை தனியாகக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அந்தக் குவளையில் தண்ணீர் குடித்தவர்களும் ஞாயிறுதோறும் எங்களோடு அதே நற்கருணையை வாங்கினவர்கள்தாம். அம்மாவை அன்பில்லாதவர் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.”

அன்பில்லாதவர் என்று நாமும் சொல்லவில்லை. கொடுமை என்றால் கொடியவர் செய்வது என்று நினைக்கிறோம். அப்படியானால் அதை ஒழிப்பது எளிது. நல்லவர்கள், ஈரநெஞ்சினர், பிறர் பசி பொறாதவர்கள், தங்கள் கையாலேயே அந்தத் தனிக் குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறார்களே, அதுதான் சாதியின் வலிமை! நெஞ்சிலே அன்பு இருந்தது. அந்த அன்பு நடந்து வரவேண்டிய பாதையிலே வழக்கம் ஒரு வேலி கட்டியிருந்தது. வேலி கண்ணுக்குப் படாத வரையில், அன்பு தன்னை முழுமையானது என்றே நம்பிக்கொண்டிருக்கும். வேலியைக் காட்டுவதுதான் பகுத்தறிவின் பணி. அன்புக்குப் பகுத்தறிவு பகை அன்று; கண்!

நண்பர் நிறுத்தவில்லை. “இப்போது தனிக் குவளை இல்லை. ஆனால் என் மகளுக்கு வரன் தேடி விளம்பரம் எழுதி வைத்திருக்கிறேன். ‘ஆர்.சி.’ என்று போட்டு, பக்கத்திலேயே சாதியையும் போட்டிருக்கிறேன்” என்றார். சொல்லிவிட்டு, நம்மை நிமிர்ந்து பார்த்து, “உங்கள் தோழர்கள் வீட்டில் எப்படி? தாலி இல்லாமல், ஐயர் இல்லாமல், மாலை மாற்றித் திருமணம் செய்கிறீர்கள். மாப்பிள்ளை மட்டும் அதே சாதியாமே?” என்று கேட்டார்.

சுருக்கென்று தைத்தது. தைக்கவேண்டியதுதான்!

தோழர்களே, அந்தக் கேள்விக்கு முன் நாமும் தலைகுனிந்தோம் என்பதை மறைக்கப்போவதில்லை. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட உரிமை தரும் திருத்தம் 1967இல் அண்ணாவின் ஆட்சியில் நிறைவேறியது. மந்திரமின்றி மணம் முடிக்கும் உரிமை பெற்றோம். அந்த உரிமையைக்கொண்டு நம்மில் எத்தனை பேர் சாதியின் எல்லையைத் தாண்டினோம்? மேடையிலே சமத்துவம் முழங்கிவிட்டு, வீடு திரும்பிச் சாதகத்துக்குப் பதில் சாதியை மட்டும் பார்த்துப் பெண்ணெடுப்பவன், மணச்சடங்கைத்தான் சீர்திருத்தினான், மனத்தைச் சீர்திருத்தவில்லை. கோவிலில் சுவருக்குப் பதில் நாற்காலி போட்டவர்களுக்கும் இவனுக்கும் என்ன வேறுபாடு?

அயலானை உண்டாக்கும் முயற்சி ஒன்றைத் தமிழ்நாட்டு அரசே செய்து பார்த்தது. பெரியார் நினைவுச் சமத்துவபுரம்! 1997இல் அறிவிக்கப்பட்டு, 1998இல் மதுரை மாவட்டத்து மேலக்கோட்டையில் முதலாவது திறக்கப்பட்டது. ஓர் ஊருக்கு நூறு வீடுகள். நாற்பது தாழ்த்தப்பட்டோருக்கு, இருபத்தைந்து பிற்படுத்தப்பட்டோருக்கு, இருபத்தைந்து மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, பத்து ஏனையோருக்கு. ஊர் வேறு சேரி வேறு என்ற அமைப்பையே உடைத்து, சுவருக்குச் சுவர் ஒட்டி வாழவைத்த ஏற்பாடு. பெருமைப்படத்தக்க செயல். ஆனால், அரசு அடுத்த வீட்டைக் கட்டித் தரும். அந்த வீட்டுக் கதவை நாம்தான் தட்டவேண்டும். சட்டம் அருகில் கொண்டுவந்து உட்காரவைக்கும். இலையில் பரிமாறுவது நாமாக இருக்கவேண்டும்.

ஆக, நண்பர் முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கூறுவோம். அன்பு செய் என்று நமக்குக் கட்டளையிடுவார் யார்? வானத்திலிருந்து யாரும் இல்லை. சுவருக்கு அப்பால் நிற்கிறானே, அவன் இடுகிறான் அந்தக் கட்டளையை! கொல்லைப்புறக் குவளை இடுகிறது. பொதுத்தெருவில் நுழைய முடியாமல் சுற்றுவழியே சுமக்கப்பட்ட சவம் இடுகிறது. 1745இல் பெரிய சாமியாரிடம் போய் நின்ற அந்தப் பெயர் தெரியாத மக்கள் இட்டார்கள். அது இன்னமும் முழுமையாக நிறைவேறவில்லை. கிறித்தவர் அதனைக் கடவுளின் கட்டளை என்று கொள்வாராயின், கொள்ளட்டும். நமக்கு அதில் வழக்கில்லை. நிறைவேற்றட்டும்! மனிதனின் கட்டளை என்று நாம் கொள்கிறோம், நாமும் நிறைவேற்றுவோம்! யார் முதலில் நிறைவேற்றுகிறார் என்பதிலே வேண்டுமானால் போட்டியிடுவோம்.

அன்றாட வாழ்விலே இதற்கு நான்கு சோதனைகள் போதும். உன் வீட்டுக் குவளை எல்லார் உதட்டுக்கும் ஒன்றுதானா? உன் தெரு எல்லார் காலுக்கும் பொதுதானா? உன் மகனும் மகளும் மனம் விரும்பியவரை மணக்க வந்தால், உன் முதற் கேள்வி அவர் பண்பைப் பற்றியதா, சாதியைப் பற்றியதா? நீ இறந்தபின் உனக்கு அருகில் யார் கிடக்கலாம் என்பதிலே உனக்குக் கவலை உண்டா? கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுப்பிய நாடு இது. ஆகவே கடைசிச் சோதனையையும் கேட்கவேண்டியிருக்கிறது. இந்த நான்கிலும் தேறியவன், கோவிலுக்குப் போகிறவனானாலும் போகாதவனானாலும், அயலானை நேசித்தவன். தேறாதவன், பூசை கேட்டாலும், பகுத்தறிவு பேசினாலும், நாற்காலி வரிசையை இழுத்துப் போட்டவன்.

விடைபெறும்போது நண்பர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். மணமகன் தேவை விளம்பரம். பேனாவை எடுத்து, ‘ஆர்.சி.’ என்பதை அடுத்திருந்த சொல்லின்மேல் ஒரு கோடு இழுத்தார். கை சற்று நடுங்கிற்று. “வீட்டில் சண்டை நடக்கும்” என்றார்.

நடக்கட்டும். அந்தச் சண்டை நம் வீடுகளிலும் நடக்கவேண்டும், தோழர்களே! 1745இல் இடிந்த சுவரின் மிச்சம் இன்று கோவிலில் மட்டும் இல்லை. நமது சட்டைப் பைகளிலும் இருக்கிறது. எடுத்துப் பார்ப்போம், கோட்டை இழுப்போம்!